உறங்கும் சிறுகட்சியைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாமா?

தீவுப்பதிவாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாற்பது பேர் வரை வாக்களிக்கும் ஒரு சிறிய கற்பனைத் தீவு நாட்டை நண்பர்கள் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக இணையத்தில் நடத்தி வருகிறோம். ஏழு இடங்கள் கொண்ட பேரவை, பதிவு பெற்ற நான்கு கட்சிகள், எழுதப்பட்ட அரசியல் சாசனம், ஆறு வாரங்களுக்கு ஒரு தேர்தல் என எல்லாம் முறைப்படி உண்டு. சென்ற மாதம் கட்சிப் பதிவேட்டைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய பக்கங்களைச் சரிபார்த்தபோது, நான்காவது கட்சி பதினான்கு மாதங்களாக மூச்சே விடவில்லை என்பது தெரிந்தது. உறுப்பினர் மூவர், மூவருமே அதன்பின் உள்நுழையவில்லை.

அந்தக் கட்சியின் பக்கத்தைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது. கொடி இருந்த இடத்தில் உடைந்த படத்தின் சின்னம் மட்டும் தெரிகிறது; படத்தை ஏற்றி வைத்திருந்த தளம் மூடப்பட்டுவிட்டது போலும். அவர்கள் கடைசியாகக் கொண்டுவந்தது தீவின் நன்னீர் ஏரிகளைத் தூர்வாருவது பற்றிய மசோதா. ஒன்பது பிரிவுகள் என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள். ஐந்தாவது பிரிவு பாதியில் நிற்கிறது. அதன்கீழ் "மீதியை நாளை இரவு பதிவிடுகிறேன்" என்று நிறுவனர் எழுதியிருக்கிறார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

ஆறு மாதம் எந்தப் பதிவும் இடாத கட்சியின் பதிவு தானாகவே நீங்கும் என்று ஒரு விதி கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். எங்கள் சாசனம் இதுபற்றி எதுவும் சொல்லவில்லை. மற்ற விளையாட்டுகளில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்கப்பிள்ளை

நான் பல காலம் பார்ட்டிக்ரசி என்ற இணைய அரசியல் விளையாட்டை ஆடியவன். டெரா என்ற கற்பனை உலகம். ஹுட்டோரி, லுத்தோரி, கலிஸ்தான், டோர்விக் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு கட்சி. அங்கே காலம் வேகமாக ஓடும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் நாட்டில் சில ஆண்டுகள் கழிந்திருக்கும். ஆகவே கட்சிகள் உறங்குவது அங்கே அன்றாடக் காட்சி.

உறங்கும் கட்சியால் என்ன கேடு என்பதை அங்கேதான் நேரில் கண்டேன். அமைச்சரவைக்கான முன்மொழிவில் எந்தெந்தக் கட்சிக்குத் துறை ஒதுக்குகிறோமோ அந்தக் கட்சிகள் அத்தனையும் ஒப்புதல் தரவேண்டும். ஒரே ஒரு சிறிய துறையை, பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு, உள்நுழையாத ஒரு கட்சிக்குக் கொடுத்துவிட்டால் முன்மொழிவு முழுவதும் அங்கேயே முடங்கிவிடும். சாசனத் திருத்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும்போதும் அப்படித்தான். வாராத உறுப்பினர் எதிர்த்து வாக்களிப்பதில்லை. ஆனால் எதிர்த்து வாக்களித்தவருக்கு உண்டாகும் பலன் அவர் காலி நாற்காலிக்கும் உண்டாகிவிடுகிறது.

ஆகவே, தீவுப்பதிவாளரே, முதலில் ஒரு கேள்வி. அந்தக் கட்சிக்குப் பேரவையில் இப்போது இடம் இருக்கிறதா?

தீவுப்பதிவாளர்

இல்லை. கடைசியாகப் போட்டியிட்ட தேர்தலிலேயே அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பதிவேட்டில் பெயர் மட்டுமே இருக்கிறது.

கணக்கப்பிள்ளை

இடம் இல்லாத கட்சியால் பேரவைக்குத் தடை எதுவும் இருக்க முடியாது. பிறகு எதற்காக அவசரம் என்பது எனக்கு விளங்கவில்லை.

தென்திசை நாடன்

நேஷன்ஸ்டேட்ஸ் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி 2002 நவம்பரில் தொடங்கிய விளையாட்டு அது, இன்றும் நடக்கிறது. அங்கே ஆட்டக்காரர் நடத்துவது கட்சியை அல்ல, ஒரு முழு நாட்டை. 28 நாட்கள் உள்நுழையாவிட்டால் அந்த நாடு மறைந்துவிடும். நூறு கோடிக் கணக்கில் மக்கள்தொகை இருந்தாலும் சரி, ஒரு சடங்கும் இல்லாமல் போய்விடும். முன்கூட்டியே விடுமுறை நிலையைத் தேர்ந்தெடுத்தால் 60 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கும். மறைந்த நாட்டை, அதன் உரிமையாளர் கடவுச்சொல்லை மறக்காமல் இருந்தால், ஆண்டுகள் கழித்தும் மீட்டுக்கொள்ளலாம். நானே ஒரு முறை மீட்டிருக்கிறேன். பழைய கொடி, பழைய நாணயத்தின் பெயர், தேசிய விலங்கு எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

அங்கே உண்மையான ஆபத்து வேறு. பல நாடுகள் கூடி வாழும் வட்டாரத்தை நிறுவியவர் மறைந்துவிட்டால், அந்த வட்டாரத்தை வெளியார் படையெடுத்துப் பிடிக்கும் வழி திறந்துவிடும். நிறுவனருக்கு வாரிசு நியமிக்கும் ஏற்பாடு 2023இல்தான் வந்தது. அதுவரை இருபது ஆண்டுகளாக, ஒரு தனி மனிதர் சலிப்படைந்து விலகியதால் ஒரு சமூகமே வீட்டை இழந்த கதைகள் எத்தனையோ.

நான் சொல்ல வருவது, மறையும் நாளும் மீளும் வழியும் இரண்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இராது என்பதே. ஆறு மாதம் என்பதும் இருபத்தெட்டு நாள் என்பதும் வெறும் எண்கள். திரும்பி வருபவருக்குக் கதவு இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

பழையகோட்டை

கதவைப் பற்றிப் பேசும்போது பூட்டைப் பற்றியும் பேசவேண்டும். ஈ-ரிபப்ளிக் என்ற இணைய விளையாட்டில் நிஜ உலக நாடுகளின் வரைபடத்திலேயே ஆடுவோம். இந்தியாவும் அதில் தமிழ்நாடு என்ற பகுதியும் உண்டு. அங்கே மாதத்தின் 5ஆம் தேதி அதிபர் தேர்தல், 15ஆம் தேதி கட்சித் தலைவர் தேர்தல், 25ஆம் தேதி காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கான தேர்தல். உறுப்பினர் எண்ணிக்கையில் முதல் ஐந்து இடங்களில் இருக்கும் கட்சிகளுக்கே காங்கிரஸ் தேர்தல் களம்.

இதனால் என்ன நடக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு காலத்தில் செழித்த கட்சியில் உறுப்பினர் பட்டியல் நீளமாக இருக்கும். உள்நுழைபவர் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். பகை நாட்டுக்காரர்கள் பத்துப் பேர் குடியுரிமை வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் கட்சியில் அமைதியாகச் சேர்ந்து, 15ஆம் தேதி தலைமையைக் கைப்பற்றினால், 25ஆம் தேதி வேட்பாளர்கள் அவர்கள் ஆட்கள். பிறகு நாட்டின் கஜானாவுக்கு அவர்கள் கை எட்டும். புதுக் கட்சி தொடங்கி மக்களிடம் பெயர் வாங்குவதைவிட ஆளில்லாத பழைய கட்சிக்குள் குடியேறுவது எளிது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வேறொருவர் பட்டா வாங்கிவிடுவது போன்றது.

ஆகவே உறங்கும் கட்சியை அப்படியே விட்டுவைப்பது பெருந்தன்மை என்று நான் ஒப்பமாட்டேன். உங்கள் தீவில் ஒரு கட்சியில் சேர்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? நிறுவனர் இல்லாதபோது அந்த அனுமதியை யார் தருவார்?

தீவுப்பதிவாளர்

நிறுவனர் மட்டுமே அனுமதி தரமுடியும். அவர் இல்லாததால் யாரும் சேரமுடியாது. அந்த வகையில் பூட்டு பலமாகவே இருக்கிறது.

சாசனம் படித்தவள்

இந்த இழையைப் படித்தபின் உங்கள் தீவின் சாசனத்தைத் தேடி எடுத்து வாசித்தேன், பொதுவெளியில்தான் இருக்கிறது. கணக்கப்பிள்ளை ஐயா கேட்ட "எதற்காக அவசரம்" என்ற கேள்விக்கு விடை 31ஆம் பிரிவில் இருக்கிறது. சாசனத்தைத் திருத்தப் பேரவையின் ஒப்புதலோடு, "பதிவு பெற்ற கட்சிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவற்றின்" ஒப்புதலும் வேண்டும்.

இப்போது பதிவு பெற்ற கட்சிகள் நான்கு. நான்கில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் மூன்று கட்சிகள் சம்மதிக்க வேண்டும். ஒன்று உறங்குவதால், விழித்திருக்கும் மூன்றும் ஒருமனதாக இருந்தால்தான் திருத்தம் நிறைவேறும். நான்காவது கட்சியை நீக்கிவிட்டால் பதிவு மூன்றாகும். இரண்டு கட்சிகள் சம்மதித்தாலே போதும். அதாவது, யாருமற்ற அந்தக் கட்சியின் பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை மற்ற மூன்றில் எது வேண்டுமானாலும் ஒரு திருத்தத்தைத் தடுக்கலாம். பெயரை எடுத்த மறுநாள் அந்த உரிமை போய்விடும்.

தீவுப்பதிவாளர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று அறிய விரும்புகிறேன். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை.

தீவுப்பதிவாளர்

ஆளும் கட்சி. முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை. 31ஆம் பிரிவின் கணக்கு எனக்குத் தெரியும். எங்கள் கட்சியும் எங்களோடு கூட்டணியில் இருக்கும் கட்சியும் சேர்ந்தால் இரண்டு. பதவிக்காலத்தை ஆறு வாரத்திலிருந்து பத்து வாரமாக நீட்டும் திருத்தம் ஒன்று நிலுவையில் இருப்பதும் உண்மை. ஆனாலும் செத்த பதிவுகளை அகற்றி ஏட்டைத் துப்புரவாக வைத்திருப்பது பதிவாளரின் கடமை என்றே நினைத்தேன்; இப்போதும் அதில் பாதியளவு நம்பிக்கை இருக்கிறது.

ஏரிக்கரை

வணக்கம். நண்பர் ஒருவர் இந்த இழையின் சுட்டியை அனுப்பினார். நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் கட்சியின் மூன்று உறுப்பினர்களில் நான் இரண்டாமவள். நிறுவனருக்கு வேலை மாறியது. மூன்றாமவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கப் போனார். இவையெல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் எல்லோருக்கும் வேலையும் தேர்வும் இருக்கின்றன. மற்ற கட்சிக்காரர்களுக்கும் இருந்தன, அவர்கள் உறங்கவில்லை.

நாங்கள் ஏன் வராமல் போனோம் என்பதற்கு அந்தக் கடைசித் தேர்தலின் கணக்கைப் பாருங்கள். பதிவான வாக்குகள் 40. ஆளும் கட்சிக்கு 19, எதிர்க்கட்சிக்கு 9, கூட்டணிக் கட்சிக்கு 8, எங்களுக்கு 4. அதற்கு முந்தைய தேர்தல்வரை எங்களுக்கு ஓர் இடம் இருந்தது. அந்தத் தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன், இடங்களைப் பங்கிடும் முறையை மட்டும் பேரவை மாற்றியது. "கணக்கிடச் சுலபம்" என்று காரணம் சொன்னார்கள். வாக்கெடுப்பு ஒரு புதன்கிழமை பகலில் நடந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன்.

ஓர் இடமாவது இருந்தால் மசோதா கொண்டுவரலாம். இடம் இல்லாத கட்சி மசோதாவை முன்மொழிய முடியாது; ஏற்கெனவே முன்மொழிந்ததன் மீதி வாசகத்தையும் பதிவேற்ற முடியாது. "மீதியை நாளை" என்று அவர் எழுதியது தேர்தலுக்கு முந்தைய இரவில். மறுநாள் அவருக்கு அந்தப் பக்கத்தில் எழுதும் உரிமையே இல்லை. பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். அதன்பின் இரண்டு மூன்று நாள் வந்து பார்த்தோம். வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்துக்கு எத்தனை நாள் வருவது?

கணக்கப்பிள்ளை

ஏரிக்கரை அம்மா தந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். பழையது செயிண்ட்-லாக் முறை, புதியது டோன்ட் முறை என்று ஊகிக்கிறேன், தீவுப்பதிவாளர் உறுதிசெய்யட்டும். இரண்டுமே நிஜ நாடுகளில் வழங்கும் மதிப்பான முறைகள்தாம். முன்னதை நியூசிலாந்து பின்பற்றுகிறது. பின்னதற்குப் பெல்ஜியத்துக்காரரான விக்டர் டோன்ட் பெயரே நிலைத்துவிட்டது.

டோன்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என வகுத்துக்கொண்டே போய், கிடைக்கும் ஈவுகளில் பெரிய ஏழுக்கு ஏழு இடங்களைத் தரவேண்டும். 19, 9.5, 9, 8, 6.33, 4.75, 4.5 என்று ஏழும் முடிந்துவிடுகின்றன. ஆளும் கட்சிக்கு 4, எதிர்க்கட்சிக்கு 2, கூட்டணிக் கட்சிக்கு 1. சிறுகட்சியின் 4 வாக்கு எட்டாவதாக, கதவுக்கு வெளியே நிற்கிறது.

செயிண்ட்-லாக் முறையில் வகுக்கும் எண்கள் 1, 3, 5, 7. அப்போது பெரிய ஏழு ஈவுகள் 19, 9, 8, 6.33, 4, 3.8, 3. ஆளும் கட்சிக்கு 3, எதிர்க்கட்சிக்கு 2, கூட்டணிக் கட்சிக்கு 1, சிறுகட்சிக்கு 1.

வாக்குகள் அதே நாற்பது. வகுக்கும் எண்ணை மாற்றியதில் சிறுகட்சியிடமிருந்து போன ஓர் இடம் நேராக ஆளும் கட்சிக்குச் சென்று, ஏழில் நான்கு என்ற தனிப்பெரும்பான்மையை அதற்குத் தந்திருக்கிறது. "கணக்கிடச் சுலபம்" என்ற காரணத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இரண்டுக்குப் பதில் மூன்றால் வகுப்பதில் என்ன கடினம் இருக்கிறது?

நான் முதலில் இதை வெறும் பதிவேட்டுத் துப்புரவாகவே பார்த்தேன். அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். முதலில் வேலையைப் பறித்துவிட்டு, பிறகு வேலைக்கு வரவில்லை என்று பெயரை அடிப்பதாக இது முடியும்.

தீவுப்பதிவாளர்

முறைகள் நீங்கள் சொன்னவைதாம். அந்த மாற்றம் நடந்தபோது நான் தீவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் என் கட்சிதான் கொண்டுவந்தது.

பழையகோட்டை

உணர்ச்சிக்கு இடம் கொடுத்து விதியை மறந்துவிட வேண்டாம். ஏரிக்கரை அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் நாளையே வேறு எவரோ விளையாட்டுக்கு ஐந்து கட்சிகளைப் பதிவு செய்துவிட்டுப் போனால், 31ஆம் பிரிவின்படி தீவில் எதையுமே திருத்த முடியாது. பதிவு நீக்க விதி ஒன்று தேவை என்பதில் நான் மாறவில்லை.

சாசனம் படித்தவள்

தேவைதான். அதை எப்படி எழுதுவது என்பதற்கு நம் நாட்டு நடப்பே உதவும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்கீழ் தேர்தல் ஆணையம் கட்சிகளைப் பதிவு செய்கிறது. பதிவு செய்யும் அதிகாரத்தை வெளிப்படையாகத் தந்த அந்தப் பிரிவு நீக்கும் அதிகாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆணையம் தான் செய்த பதிவைத் தானே மறுபரிசீலனை செய்ய முடியாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறி, மோசடியாகப் பெற்ற பதிவு போன்ற சில விதிவிலக்குகளை மட்டும் அனுமதித்தது. அப்படியிருந்தும், 2019 முதல் ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூடப் போட்டியிடாத, முகவரியில் அலுவலகம் இல்லாத கட்சிகள் என்று கூறி 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும், அடுத்த மாதம் மேலும் 474 கட்சிகளையும் ஆணையம் பட்டியலிலிருந்து எடுத்தது.

அதில் நமக்குப் பயன்படுவது எண்ணிக்கை அல்ல, நடைமுறை. அங்கே கட்சிக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிமுன் விசாரணைக்கு வாய்ப்புத் தரப்பட்டது. முடிவு வந்தபின் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழியும் இருந்தது. அளவுகோலும் கவனிக்கத்தக்கது: போட்டியிட்டார்களா என்பதே கேள்வி, இடம் வென்றார்களா என்பது அல்ல. பிரிட்டனில் இன்னும் எளிது. ஆண்டுக்கொரு முறை கட்சி தன் விவரங்களை உறுதிசெய்து 25 பவுண்டு கட்டணம் செலுத்த வேண்டும். உயிரோடு இருப்பதைக் கட்சியே வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

நம் ஊரில் காலிக் கட்சியை வைத்திருப்பதால் வருமான வரி விலக்குக் கிடைக்கிறது. அதனால்தான் ஆணையத்துக்கு அத்தனை கவலை. உங்கள் தீவில் காலிக் கட்சியால் யாருக்கும் ஒரு காசு லாபம் இல்லை. ஆகவே இத்தனை கடுமை தேவைதானா என்றும் யோசியுங்கள். பதிவு இருக்கட்டும், 31ஆம் பிரிவில் "பதிவு பெற்ற கட்சிகளில்" என்பதற்குப் பதில் "கடைசி இரு தேர்தல்களில் ஒன்றிலேனும் போட்டியிட்ட கட்சிகளில்" என்று மாற்றிவிட்டால், பழையகோட்டை அவர்கள் அஞ்சும் ஐந்து பொய்க் கட்சிகளும் ஒருவரையும் தடுக்க முடியாது, உறங்கும் கட்சியின் பெயரையும் யாரும் அழிக்க வேண்டியதில்லை.

தென்திசை நாடன்

ஆனால் அந்த மாற்றமே ஒரு சாசனத் திருத்தம். அதற்கும் இப்போதைய விதிப்படி நான்கில் மூன்று கட்சிகள் வேண்டும். எதிர்க்கட்சி தன் தடுப்புரிமையைத் தானே விட்டுக்கொடுக்குமா?

சாசனம் படித்தவள்

சும்மா விட்டுக்கொடுக்காது. இடப் பங்கீட்டு முறையைப் பழையபடி மாற்றித் தந்தால் கொடுக்கலாம். அதில் எதிர்க்கட்சிக்கு ஓர் இடமும் கூடாது, குறையாது. ஆனால் ஆளும் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை போய்விடும். பேரம் பேச இடமிருக்கிறது.

தீவுப்பதிவாளர்

இதைப் படித்த என் கட்சித் தலைவர் இன்று காலை என்னோடு பேசினார். அவருக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் நான் ஆறு மாத விதிக்கான முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கட்சிச் சார்புள்ள ஒருவர் பதிவு நீக்கத்தை முடிவு செய்யக்கூடாது என்பதால், இந்தப் பொருளில் பதிவாளரின் அதிகாரத்தை அவைத் தலைவரிடம் மாற்றக் கோரியிருக்கிறேன். இரண்டு மாற்றங்களையும் ஒரே மசோதாவாகச் சேர்த்துக் கொண்டுவர எதிர்க்கட்சி முன்வந்திருக்கிறது. கூட்டணிக் கட்சி இன்னும் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்பு இந்த முறை ஞாயிறு இரவு. புதன்கிழமை பகல் வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

ஏரிக்கரை அவர்களுக்கு: அடுத்த தேர்தலுக்கான மனுத்தாக்கல் இருபது நாளில் முடிகிறது. நிறுவனர் ஒரு முறை உள்நுழைந்து தலைமையை உங்களுக்கு மாற்றித் தந்தால் போதும்.

ஏரிக்கரை

நன்றி. அவரிடம் கேட்டேன். கடவுச்சொல் மறந்துவிட்டதாம், பதிவு செய்த மின்னஞ்சல் பழைய அலுவலகத்துடையதாம், அதுவும் இப்போது அவரிடம் இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன் அனுப்பிய அந்தச் சாம்பல் பொத்தான் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் அவருடைய பயனர் பெயரும் தேதியும் தெரிகின்றன. அதை அடையாளச் சான்றாக ஏற்பீர்களா?

தீவுப்பதிவாளர்

அவைத் தலைவருக்கு அனுப்பிவையுங்கள். கொடியின் மூலப் படமும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள்.